ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன்

கார் தூக்கிப் போடுகிறது என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், ஷாக் அப்சார்பர் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடலாம் என்பதுதான். சில சமயம் அது சரியான பதிலாகவும் இருக்கும். ஆனால் முன் ஷாக் இரண்டு, பின் ஷாக் இரண்டு, கூலி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் என்று ஒரு சிறிய காருக்கே பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும் அந்த வேலையைச் செய்து முடித்த பிறகும், அதே பள்ளத்தில் அதே இடி விழுகிறது என்று வருந்துகிறவர்களை நான் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் முதலில் காரை ஆட வைக்கும்; இடிக்க வைப்பது பல சமயம் வேறொன்று. அந்த வேறொன்று சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் துண்டாக இருக்கலாம், அல்லது ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய டயர் காற்றாக இருக்கலாம். பாகத்தை வாங்குவதற்கு முன்பு பழுதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில், காருக்கு அடியில் எது என்ன வேலை செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். சக்கரம் மேட்டில் ஏறும்போது அது அமுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்காமல் அதற்கு இருக்கத் தெரியாது. விட்டால் வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகவும் வால்வுகள் வழியாகவும் நெருக்கிச் செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இவை இரண்டையும் காரின் உடலோடு இணைக்கும் இடங்களிலெல்லாம் ரப்பர் இருக்கிறது. சாலையின் பொடிநடுக்கமும் சத்தமும் இருக்கை வரை வராமல் தடுப்பது அந்த ரப்பர்தான். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, சாலையை முதலில் தொடுகிற டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த இந்த அமைப்பை, 1950இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்கள் பரவலாக அறியச் செய்தன. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து, மேலே பானெட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் மவுண்டிங்கிலும், கீழே, சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்ற கை வழியாக, புஷ் எனப்படும் இரண்டு ரப்பர் உருளைகளிலும், பந்து போலச் சுழலும் ஒரு பால் ஜாயிண்டிலும் நிற்கும். பின்பக்கம் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம் இருக்கும். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 போன்ற கார்களிலும் இந்த ஏற்பாடுதான். ஆகவே இங்கே சொல்லப்போகும் சோதனைகள் பெரும்பாலான வீட்டுக் கார்களுக்குப் பொருந்தும்.

சிறிய கார் ஏன் இயல்பிலேயே கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரின் உடல் நொடிக்கு 1 முதல் 1.5 தடவை என்ற வேகத்தில் மெதுவாக ஆடினால் மனிதருக்கு அது சுகமாக இருக்கும். நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான செங்குத்து அதிர்வுதான் நம் உடலை அதிகம் வருத்துகிறது. ஆனால் நொடிக்கு ஒரு தடவை என்ற மென்மை வேண்டுமானால், வண்டியின் சொந்த எடையில் ஸ்பிரிங் சுமார் 25 செ.மீ. அமுங்கி நிற்க வேண்டும், 1.5 தடவை என்றால் 11 செ.மீ. போதும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால், 900 கிலோ எடையுள்ள காரில் 400 கிலோ வரை கூடும். அந்தச் சுமையிலும் தரை தட்டாமல் இருக்க வேண்டியிருப்பதால், தயாரிப்பாளர் பின் ஸ்பிரிங்கை விறைப்பாகத்தான் வைக்க முடியும். தனியாக ஓட்டிச் செல்லும்போது பின்பக்கம் சற்றுத் துள்ளுவது பழுதல்ல, அந்த வண்டியின் கணக்கு. புதிதாக வாங்கியபோது இல்லாத முரட்டுத்தனம் இப்போது இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சோதனையை டயரிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு, ஆள் நிறைந்திருந்தால் எவ்வளவு என்று காற்றழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 29 முதல் 33 பிஎஸ்ஐக்குள் இருக்கும். பெட்ரோல் பங்கில் கேட்காமலே 35 வைத்துவிடுவதும், மைலேஜ் கிடைக்கும் என்று 38, 40 வரை ஏற்றிக்கொள்வதும் சாதாரணமாக நடக்கிறது. காற்று ஏற ஏற டயரும் விறைக்கிறது. சிறு கல், சாலைப் பிளவு, மேன்ஹோல் மூடியின் விளிம்பு என ஒவ்வொன்றும் இருக்கையில் தெரிய ஆரம்பிக்கும். அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் வண்டியை எடுத்தவுடன் பார்க்க வேண்டும். சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் 1 பிஎஸ்ஐ கூடும் என்பதால், வெயிலில் ஓடிய டயரில் காட்டும் அளவை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒரு சிறிய கையடக்க மானி வீட்டில் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. காருக்கென்று வாங்கும் பொருள்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது டயரின் வயது. பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டை தேயாமலே இருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப்போகும். குறைவாக ஓடும் வீட்டுக் கார்களில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிற விஷயம்: டயர் புதிது போலத் தெரியும், சவாரி மட்டும் கட்டை வண்டி போல இருக்கும்.

பிறகு டயரின் அளவு. ஒரே மாடலின் வெவ்வேறு ரகங்களில் 165/80 ஆர்14 என்ற டயரும் 185/65 ஆர்15 என்ற டயரும் வருவதுண்டு. இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 620 மி.மீ.தான். ஆனால் முதலாவதின் பக்கச்சுவர் உயரம் 132 மி.மீ., இரண்டாவதின் உயரம் 120 மி.மீ. அழகுக்காக 195/55 ஆர்16 போட்டால் விட்டம் மாறாது, பக்கச்சுவர் 107 மி.மீ. ஆகிவிடும். அந்த 25 மி.மீ. காற்றுத்தலையணையை இழந்துவிட்டு, ஷாக் அப்சார்பரிடம் மென்மையை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அலாய் வீல் மாற்றிய பிறகு கார் இடிக்கிறது என்று யாராவது சொன்னால், காருக்கு அடியில் குனிய வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருப்பதில்லை.

டயரில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான், ஸ்பிரிங், ஷாக், ரப்பர் எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷனுக்கு வர வேண்டும். இங்கே எங்கள் வீட்டுக் காரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பத்தாண்டைக் கடந்த ஒரு சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக் அது. மெட்ரோ வேலைகளுக்காகத் தோண்டி மூடிய சென்னைச் சாலைகளில் அன்றாடம் ஓடியது. முன்பக்கத்தில் மெதுவான வேகத்தில் லொட லொட என்ற தட்டல், பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் வரை வரும் இடி, பின் இருக்கையில் உட்காரும் என் அம்மாவுக்கு இடுப்பு வலி என்று மூன்று புகார்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. வழக்கமாகப் போகும் பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, நான்கு ஷாக்கையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். வண்டியை மேலே தூக்கி யாரும் பார்க்கவில்லை. அதனால் நான் அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாமல், சொந்தமாகச் சில சோதனைகளைச் செய்யத் தொடங்கினேன்.

சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிரித்தறிவதே பாதி வேலை. இதற்கு வேகத்தடையைவிட நல்ல கருவி கிடையாது. ஒரே வேகத்தடையை ஒரு முறை நேராகவும் மறுமுறை சாய்வாகவும் மெதுவாகக் கடக்க வேண்டும். நேராகக் கடக்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதால், அவற்றை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாமல் சும்மா சுழலும். சாய்வாகக் கடக்கும்போது ஒரு சக்கரம் ஏறி மற்றது கீழே இருப்பதால் பார் முறுக்கப்பட்டு, அதன் இரு முனைகளிலும் உள்ள லிங்க் ராடுகள் மீது சுமை விழும். நேராகப் போகும்போது அமைதியாகவும் சாய்வாகப் போகும்போது லொட லொடவென்றும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது லிங்க் ராடையும் ஸ்டெபிலைசர் புஷ்ஷையும்தான். எங்கள் காரில் அப்படித்தான் இருந்தது. ஜன்னல்களை இறக்கிவிட்டு ஒரு நீண்ட மதில்சுவரை ஒட்டி ஓட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கத்துச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த சோதனை பிரேக். நடை வேகத்தில் முன்னே நகர்ந்து சட்டென்று பிரேக் பிடித்து, பிறகு ரிவர்ஸில் நகர்ந்து மறுபடியும் பிரேக் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒற்றை டொக் என்று விழுந்தால், லோயர் ஆர்மின் புஷ் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று சந்தேகிக்கலாம். வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டக் என்றோ, ஸ்பிரிங் முறுகி விடுபடும் டொய்ங் என்ற ஒலியோ வந்தால், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங்கில் உள்ள பேரிங் இறுகிவிட்டது என்று பொருள். இதை உறுதிப்படுத்துவது எளிது: ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் சக்கர வளைவுக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கின் மேல் லேசாக விரலை வைத்திருந்தால், சீராகச் சுழலாமல் குதிப்பது விரலிலேயே தெரியும். பெரிய பள்ளத்தில் மட்டும், அதுவும் இரும்பு இரும்பில் மோதுவது போல இடி விழுந்தால், அது ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது மோதலைத் தாங்கும் நுரைத்துண்டான பம்ப் ஸ்டாப் அழிந்துவிட்டதன் அடையாளம்.

ஷாக் அப்சார்பரையும் இதே நேரத்தில் பார்த்துவிடலாம். காரின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் நன்றாக அழுத்தி விட்டால், அது மேலே வந்து அதிகபட்சம் ஒரு சிறு ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். மூன்று நான்கு தடவை ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனை முற்றிலும் செத்த ஷாக்கை மட்டுமே காட்டும். பாதி பலமிழந்தது இதில் தப்பிவிடும். அதற்கு வேறு சில அறிகுறிகள் உண்டு. நெடுஞ்சாலையில் மேடேறி இறங்கியதும் வண்டி படகு போல மிதந்து இரண்டாவது தடவையும் தாழ்ந்து எழும். பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாகக் குனியும். டயர் பட்டையைக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். ஷாக்கின் உடலில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பிச் சேறாகப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வந்தவுடன் பின் ஷாக்குகள் இரண்டையும் தொட்டுப் பார்ப்பதும் உதவும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. இந்த அறிகுறிகள் எதுவுமே எங்கள் காரில் இல்லை.

அதன்பின் எங்கள் பகுதியில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் செய்த முதல் காரியம் வண்டியைக் குழியின் மேல் நிறுத்தியதுதான். சக்கரங்கள் தரையில் இருக்கும்படியே வைத்து, கீழே இறங்கி, இடது லிங்க் ராடின் மேல் முனையை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, பையனைக் கூப்பிட்டுக் காரைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். என்னையும் இறங்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக், டிக் என்று விரல் நுனியில் தட்டியது. வலது பக்கத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு நீண்ட லீவரை லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையில் கொடுத்து நெம்பினார். முன் புஷ் அசையவில்லை. பின்னால் இருக்கும் பெரிய புஷ்ஷில், உள்ளே இருக்கும் இரும்புக் குழலைச் சுற்றி ரப்பர் பிறை வடிவில் கிழிந்து, நெம்பும்போது வாய் திறந்து மூடியது. "ஷாக்ல ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகல பாருங்க சார். ரப்பர்தான் போயிருக்கு. இத வச்சுக்கிட்டு ஷாக்க மாத்தி என்ன பண்றது?" என்றார்.

பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அப்படி ஆடினால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும்; இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டில் கோளாறு. இவை இரண்டும் சவாரியைக் கெடுப்பதோடு நிற்காது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும் என்பதால், அதில் ஆட்டம் தெரிந்த காரை வேலை முடியும்வரை ஓட்டவே கூடாது. எங்கள் காரில் அவை இறுக்கமாகவே இருந்தன. ஆனால் ஸ்ட்ரட்டின் தூசி உறையைச் சற்று மேலே தூக்கியபோது, உள்ளே பம்ப் ஸ்டாப் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மஞ்சள் நிறத்தில் நுரைத்தூள் உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரையால் செய்யப்படும் இந்தப் பாகம், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம் ஊர்களில் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும். உறை கிழிந்திருந்தால் அழிவு இன்னும் வேகமாக நடக்கும். பள்ளத்தில் ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது கடைசி சில சென்டிமீட்டரை மென்மையாக வாங்க வேண்டிய நுரை இல்லாததால், மோதல் நேராக மவுண்டிங்கிலும் உடலிலும் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய இடிக்குக் காரணம் இதுதான்.

ஸ்பிரிங்கையும் அளந்து பார்த்தோம். சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது அடிச்சுற்று உடைந்து தட்டில் உட்கார்ந்திருக்கலாம். கடற்கரை ஊர்களில் துருப்பிடித்து அடிச்சுற்று உடைவது உண்டு. மண்ணும் துருவும் மூடியிருப்பதால் டார்ச் அடித்துத் துடைத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். எங்களுக்கு அந்தச் செலவு வைக்கவில்லை.

ஆக, இடது, வலது லிங்க் ராடுகள், லோயர் ஆர்ம் புஷ்கள், முன்பக்க பம்ப் ஸ்டாப்புகள், தூசி உறைகள், அவற்றுக்காக ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுண்டிங்குகள் என்று பட்டியல் முடிந்தது. சஸ்பென்ஷன் பாகங்களை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ளும்.

ஸ்ட்ரட்டைப் பிரிப்பது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சுருள் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் அதில் பூட்டப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரைச் சரியாக மாட்டாமல் நடு நட்டைக் கழற்றினால், அது தெறித்து ஆளைக் கொல்லக்கூடியது. ஆனால் பட்டறையில் நின்று கவனிக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. நடு நட்டைக் கழற்றும்போதும் இறுக்கும்போதும் ஷாக்கின் தண்டு சேர்ந்து சுற்றாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளேயரால் தண்டைக் கவ்வினால் அதில் விழும் சிறு கீறல்கூடச் சீலை அறுத்து, நல்ல ஷாக்கை ஒழுக வைத்துவிடும். புதிய ஷாக் போடுவதாக இருந்தால், கடையில் படுக்கையாகக் கிடந்ததால் உள்ளே காற்றும் எண்ணெயும் கலந்திருக்கும். பொருத்துவதற்கு முன் அதை நேராக நிறுத்திச் சில தடவை முழுவதுமாக அமுக்கி இழுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானதும், மிக அதிகமான இடங்களில் தவறாகச் செய்யப்படுவதும், புஷ் போல்ட்டை இறுக்கும் முறைதான். லோயர் ஆர்ம் புஷ்ஷில் வெளிவளையம் ஆர்மோடும், உள்குழல் போல்ட்டோடும் இறுகிப் பிடித்திருக்கும். ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது இரண்டுக்கும் இடையில் உள்ள ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. அது பேரிங் போலச் சுழல்வதில்லை. வண்டி லிஃப்டில் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ஆர்ம் இயல்பான உயரத்துக்கு வரும்போதே ரப்பர் முறுகிவிடும். நின்றிருக்கும்போதும் முறுகியபடியே இருக்கும். புதிய புஷ் போட்டும் சவாரி விறைப்பாக இருப்பதற்கும், சில மாதங்களிலேயே அது மறுபடி கிழிவதற்கும் இதுவே காரணம். சரியான முறை என்னவென்றால், போல்ட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அழுத்தி விட்டு, சக்கரங்களில் எடை இருக்கும்போது குழியிலிருந்து இறுக்குவது. பின்பக்கத்து டார்ஷன் பீம் புஷ்களுக்கும் இதே விதிதான். அண்ணன் சொல்லாமலே அப்படிச் செய்தார். நீங்கள் போகிற இடத்தில் அப்படிச் செய்யவில்லை என்றால், வண்டியை இறக்கிவிட்டு இறுக்குங்கள் என்று தயங்காமல் கேட்க வேண்டும். ஒரு பட்டறையின் தரத்தை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இது.

ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் கோணம் மாறும். பழைய நிலையைக் குறித்து வைத்துப் பூட்டினாலும், வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மிச்சப்படுத்திய பணத்தை டயர் தின்றுவிடும்.

முன்பக்கம் சரியானதும் பின்பக்கத்துக்கு வந்தோம். அம்மாவின் இடுப்பு வலிக்கு முழுக் காரணமும் முன்பக்கத்தில் இருக்க முடியாது. பின் டயர்களில் காற்று 38இல் நின்றது. அதோடு, முன்பு எப்போதோ தரை தட்டாமல் இருக்க வேண்டும் என்று பின் ஸ்பிரிங்குகளின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகப்பட்டிருந்தது. கடைகளில் இது வண்டியை உயர்த்தும், சவாரியை மென்மையாக்கும் என்று சொல்லி விற்கப்படுகிறது. முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாவது பாதி உண்மைக்கு நேர் எதிர். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆறு சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைப் பஃபர் அடைத்துவிட்டால் ஐந்துதான் மிஞ்சும். விறைப்பு 20 சதவீதம் கூடிவிடும். தரை தட்டும் அளவுக்கு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அதே மாடலுக்கான புதிய ஸ்பிரிங் போடுவதுதான் வைத்தியம். பஃபர்களைக் கழற்றி, காற்றைக் கதவுத் தூணில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்த அன்றே அம்மா வித்தியாசத்தை உணர்ந்தார்.

சாலையையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாகவும் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னது. அப்படிப் போட்டால் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் கடக்கலாம். நம் தெருக்களில் ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக எழுப்பப்படும் தடைகள் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. எந்த சஸ்பென்ஷனும் அவற்றை மென்மையாக்கித் தராது. அவற்றின் மீது பிரேக்கை அழுத்தியபடியே ஏறக்கூடாது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஏற்கெனவே குனிந்திருக்கும். அமுங்க மிச்சமிருக்கும் தூரம் குறைந்து, பம்ப் ஸ்டாப் வரை நேராகப் போய் இடிக்கும். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும் தருணத்தில் காலை எடுத்துவிட்டால் ஸ்ட்ரட்டின் முழு நீளமும் பயன்படும். பள்ளத்துக்கும் இதுவே பொருந்தும்.

பாகங்களை வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அநேகமாக எல்லாக் காருக்கும் உதிரிபாகம் கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகங்கள் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், மவுண்டிங், பால் ஜாயிண்ட் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. ரப்பரின் வயது கண்ணுக்குத் தெரியாது. துடைத்து வண்ணம் பூசிய ஷாக்கின் உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதும் தெரியாது. புஷ் விஷயத்தில் விலை குறைந்த நகலுக்கும் அசல் பாகத்துக்கும் உள்ள வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். மறுபடி கழற்றி மாட்டும் கூலியையும் அலைன்மெண்ட் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே மிச்சம் பிடிப்பது நஷ்டம்.

இத்தனைக்குப் பிறகும் ஷாக் அப்சார்பரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், கழற்றிய பழைய ஷாக்கைத் தூக்கி எறிய விடாமல் கையில் வாங்கிப் பாருங்கள். அதை நேராக நிறுத்தி, சில தடவை அமுக்கி இழுத்துவிட்டு, பிறகு ஒரே சீராக அமுக்குங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி எதிர்ப்பு இருந்து, மேலே இழுக்கும்போது அதைவிடக் கூடுதலாக எதிர்த்தால் அந்த ஷாக் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப்போனாலோ, தண்டு வளைந்து ஓரிடத்தில் சிக்கினாலோ, அது போய்விட்டது என்பது உறுதி. இடதையும் வலதையும் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டுமே நன்றாக இருப்பதாகத் தெரிந்தால், கார் இடிப்பதற்கான காரணம் இன்னும் காருக்கு அடியில்தான் இருக்கிறது. லீவரைக் கையில் எடுத்துக்கொண்டு மவுண்டிங்கிலிருந்தும் புஷ்ஷிலிருந்தும் தேடலை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.